பைபாஸ் ஆபரேஷன்: பம்பில் போட்டா, துடிக்கும் இதயத்திலேயா?

ஆஞ்சியோகிராம் முடிந்து, "மூன்று குழாயிலும் அடைப்பு, ஸ்டென்ட் சரிப்படாது, பைபாஸ்தான்" என்று சொல்லியாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு வரும்போது அடுத்த கேள்வி வந்து நிற்கும். இதயத்தை நிறுத்தி, இயந்திரத்தில் போட்டு ஆபரேஷன் செய்வதா, துடிக்கும் இதயத்திலேயே தைப்பதா? ஒரு மருத்துவமனை முதல் வழியைச் சொல்கிறது. இரண்டாவது கருத்து கேட்கப் போன இடத்தில் மற்றதைச் சொல்கிறார்கள். நடுவில் உறவினர் ஒருவர், "பம்பில் போட்டால் ஞாபகசக்தி போய்விடும், வேண்டவே வேண்டாம்" என்பார். கையெழுத்துப் போட வேண்டிய மகனோ மகளோ குழம்பிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைபாஸ் தேவைப்படும் பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன. சிலருக்கு மட்டும் ஒன்று தெளிவாக நல்லது, இன்னொன்று ஆபத்து. நோயாளி அந்தச் சிலரில் ஒருவரா என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அப்படி இல்லையென்றால், எந்த வழி என்பதைவிட, ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜன் எந்த வழியில் அதிகம் பழகியவர் என்பது பெரிய விஷயம்.

ஆரம்பத்திலேயே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'பீட்டிங் ஹார்ட்' என்றதும் சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வழக்கமான பீட்டிங் ஹார்ட் பைபாஸிலும் நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்துத்தான் திறக்கிறார்கள். வெளித்தழும்பு ஒன்றுதான், எலும்பு கூட ஆகும் இரண்டு மூன்று மாதமும் ஒன்றுதான், மாற்றுக் குழாயாகத் தைக்கக் காலிலிருந்து நரம்பு, அதாவது ரத்தக்குழாய், எடுத்தால் அந்த வலியும் ஒன்றுதான். விலா இடுக்கு வழியாகச் செய்வது வேறு வகை. அது எல்லோருக்கும் பொருந்தாது. இந்தக் கட்டுரையில் அதைப் பற்றிப் பேசவில்லை.

பம்ப் எப்படி வேலை செய்கிறது

இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் சில மணி நேரம் வெளியே இருந்து செய்வதுதான் ஹார்ட்-லங் மெஷின். தியேட்டரில் எல்லோரும் 'பம்ப்' என்றுதான் சொல்வார்கள். இதயத்தின் வலது மேலறையில் ஒரு குழாயைச் செருகிக் கெட்ட ரத்தத்தை வெளியே எடுப்பார்கள். அது ஆக்சிஜனேட்டர் என்ற பகுதியில் நுண்ணிய இழைகள் வழியாக ஆக்சிஜன் ஏற்றப்பட்டு, இன்னொரு குழாய் வழியாக மகாதமனிக்குள், அதாவது டாக்டர்கள் அயோர்ட்டா என்று சொல்லும் பெரிய குழாய்க்குள், திரும்பிப் போகும். மகாதமனியில் ஒரு கிளாம்ப் போட்டு இதயத்தைத் தனியாகப் பிரித்துவிட்டு, பொட்டாசியம் கலந்த திரவத்தைச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அசையாத, ரத்தம் கசியாத இதயத்தில் சர்ஜன் நிதானமாகத் தைக்கலாம். இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ள பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று தனிப் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இந்த இயந்திரத்தை முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் கிப்பன். 1931ல் பாஸ்டனில், நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் அருகில் இரவெல்லாம் இருந்து, அவர் கண்முன்னே இறந்துபோனதைப் பார்த்த இளம் டாக்டர் அவர். அந்த ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்ப முடிந்திருந்தால் பிழைத்திருப்பாரே என்ற எண்ணம் அவரை விடவில்லை. மனைவி மேரியோடு சேர்ந்து வருடக்கணக்கில் பூனைகளில் சோதனை செய்தார். பிறகு ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர்கள் உதவினார்கள். 1953 மே 6ஆம் தேதி, 18 வயதுப் பெண் ஒருவரின் இதயச் சுவரில் இருந்த ஓட்டையை இயந்திரத்தின் துணையோடு மூடினார். அடுத்து வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை என்பதால் மனமுடைந்து அந்த வேலையையே விட்டுவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின் தொடர்ந்தார்.

பம்பின் நடுவில் இருக்கும் ரோலர் பம்புக்குத் தனிக் கதை உண்டு. வளைந்த பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். சுழலும் இரண்டு உருளைகள் அதை நசுக்கிக்கொண்டே போக, உள்ளே இருக்கும் ரத்தம் முன்னே தள்ளப்படுகிறது. ரத்தம் எந்த உலோகத்தையும் தொடுவதில்லை, குழாயை மட்டும் மாற்றினால் போதும். 1930களில் மைக்கேல் டிபேக்கி, மருத்துவ மாணவராக இருந்தபோது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ரத்தம் ஏற்றுவதற்காக இதை மேம்படுத்தினார். இருபது வருடம் கழித்து அது ஹார்ட்-லங் மெஷினுக்குள் போய் உட்கார்ந்தது. ரத்தக்குழாயைக் காயப்படுத்தாமல் பிடிக்கும் டிபேக்கி ஃபோர்செப்ஸ் இல்லாத அறுவை அரங்கை இன்றைக்கும் பார்ப்பது கஷ்டம். பம்ப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ஃபோர்செப்ஸ் சர்ஜனின் கையில் இருக்கும். ஒரே மனிதரின் இரண்டு கண்டுபிடிப்புகளில் ஒன்றை வேண்டாம் என்று வைப்பதா என்பதுதான் ஒருவகையில் இன்றைய கேள்வி.

பம்புக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. உருளை இறுக்கமாக நசுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். அதனால்தான் பல இடங்களில் இப்போது சுழற்சி விசையால் ரத்தத்தைத் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் வந்துவிட்டது. ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டவுடன் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 300 முதல் 400 யூனிட் வரை ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் புரோட்டமின் கொடுத்து அதை முறிக்கிறார்கள். குழாய்களை முதலில் ஒரு லிட்டருக்கு மேல் திரவத்தால் நிரப்புவதால் நோயாளியின் ரத்தம் நீர்த்துப்போகிறது. ஏற்கெனவே ரத்தசோகை இருப்பவருக்கு இது ஒரு பிரச்சினை. உடம்பு முழுக்க ஒரு அழற்சியும் எழும்புகிறது. இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது மகாதமனியைப் பற்றித்தான். அதில் குழாய் செருகும்போதும் கிளாம்ப் போடும்போதும், உள்சுவரில் படிந்திருக்கும் கால்சியமும் கொழுப்பும் உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

துடிக்கும் இதயத்தைப் பிடித்து வைத்த கருவி

பம்ப் இல்லாத பைபாஸ் புது விஷயம் என்று விளம்பரங்கள் சொல்வது சரியில்லை. 1964ல், அன்றைய லெனின்கிராடில், வாசிலி கொலெசோவ் நெஞ்சுச்சுவரின் உட்புறம் ஓடும் தமனியைத் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் குழாயில் தைத்துவிட்டார். 1967ல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த நரம்பைக் கொண்டு பைபாஸ் செய்து அதைப் பரவலாக்கினார். அதன்பின் இயந்திரம் நம்பகமாகிவிட, இதயத்தை நிறுத்திச் செய்வதே வழக்கம் ஆனது. இந்தியாவின் முதல் பைபாஸை 1975ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தார்.

1980களில் அர்ஜென்டினாவின் பெனெட்டியும் பிரேசிலின் புஃபோலோவும் பம்ப் இல்லாத வழிக்குத் திரும்பினார்கள். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஆக்சிஜனேட்டரும் குழாய்களும் அந்த நாடுகளுக்குக் கட்டுப்படியாகாத செலவு என்பது ஒரு முக்கியக் காரணம். நம் நாட்டிலும் இந்த வழி வேரூன்றியதில் செலவுக்குப் பங்கு உண்டு.

சிக்கல் எங்கே என்றால், தைக்க வேண்டிய இதயக் குழாய் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். 7-0, 8-0 என்று சொல்லும் தலைமுடி அளவு நூல். கண்ணில் பூதக்கண்ணாடி. கண் ஆபரேஷனுக்காக உருவான காஸ்ட்ரோவியேஹோ ஊசிப்பிடிப்பான் கையில். இத்தனை நுட்பமான வேலையைச் செய்யும்போது தைக்கும் இடம் நிமிடத்துக்கு எழுபது முறை எகிறினால் என்ன செய்வது? தொடக்கத்தில் மருந்து கொடுத்துத் துடிப்பைக் குறைத்தார்கள், நூலால் இழுத்துப் பிடித்தார்கள். முன்பக்கம் இருக்கும் குழாய்க்கு அது போதும். இதயத்தின் பின்பக்கம், பக்கவாட்டில் இருக்கும் குழாய்களை அப்படி எட்டுவது கடினம்.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் கோர்னேலியஸ் போர்ஸ்ட் குழுவினர் 1990களின் நடுவில் கொண்டுவந்த கருவிதான் இதை மாற்றியது. பெயர் ஆக்டோபஸ். இரண்டு சிறு கரங்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாக உறிஞ்சு குழிகள். இதயத்தின் மேல் வைத்து உறிஞ்சினால், கரங்களுக்கு நடுவில் இருக்கும் சிறு பகுதி மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மற்ற இதயம் தன் பாட்டுக்குத் துடித்து ரத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கு முன் வந்த அழுத்திப் பிடிக்கும் கருவிகள் இதயத்தை நசுக்கின. இது மேலே தூக்கிப் பிடிப்பதால் ரத்த அழுத்தம் குறைவது மட்டுப்பட்டது. அப்புறம் இதயத்தின் நுனியைப் பிடித்து நிமிர்த்தும் ஸ்டார்ஃபிஷ் வந்தது. தைக்கும்போது உள்ளே ரத்தம் ஓடட்டும் என்று குழாய்க்குள் வைக்கும் சிறிய சிலிகோன் ஷண்ட், ரத்தத்தை ஊதி விலக்கிக் காட்சியைத் தெளிவாக்கும் கார்பன் டை ஆக்சைடு புளோயர் என்று ஒரு தொகுப்பே உருவாகிவிட்டது. ஹெப்பாரினும் பல மையங்களில் பாதி அளவு போதும்.

இதிலும் விலை உண்டு. பின்பக்கக் குழாயைத் தைக்க இதயத்தைத் தூக்கித் திருப்பும்போது ரத்த அழுத்தம் சரியும். மயக்க மருந்து டாக்டர் ஒவ்வொரு நிமிடமும் கவனித்துச் சமாளிக்க வேண்டும். சமாளிக்க முடியாமல் போனால் அவசரமாகப் பம்பில் போட வேண்டியிருக்கும், அப்படி நடுவில் மாற்றும்போது உயிராபத்து பல மடங்கு கூடுகிறது. அது மட்டுமல்ல, வசதிப்படாத இடத்தில் ஒரு கிராஃப்டை, அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போகத் தைக்கும் மாற்றுக் குழாயை, விட்டுவிடும் வாய்ப்பும், தையல் அவ்வளவு நேர்த்தியாக அமையாமல் போகும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம்.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது

இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தெரியும். சர்ஜன்கள் ஆளுக்கொன்றைக் காட்டிப் பேசுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முதலாவது ரூபி. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2203 பேரிடம் நடந்து, 2009ல் வெளியானது. ஒரு வருட முடிவில் இறப்பு, மாரடைப்பு, மறுபடி அடைப்பு நீக்கம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பம்ப் இல்லாதவர்களில் 9.9 சதவீதம், பம்பில் செய்தவர்களில் 7.4 சதவீதம். ஆஞ்சியோகிராமில் திறந்திருந்த கிராஃப்டுகள் முறையே 82.6, 87.8 சதவீதம். ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் 15.2 சதவீதம், 11.9 சதவீதம். பத்து வருடத்தில் இறப்பில் இருந்த வித்தியாசம் புள்ளியியல்படி நிலைக்கவில்லை என்றாலும், இந்த ஆய்வைப் படிக்கும் யாருக்கும் பம்ப்தான் பாதுகாப்பு என்று தோன்றும்.

இரண்டாவது கரோனரி என்ற ஆய்வு. கனடாவின் ஆந்த்ரே லாமி தலைமையில் 19 நாடுகளில் 4752 பேர். இந்திய மருத்துவமனைகளும் இதில் பங்கேற்றன. 30 நாளில் இறப்பு இரு பக்கமும் 2.5 சதவீதம், பக்கவாதமும் ஏறக்குறைய சமம். ஐந்து வருடத்தில் இறப்பு, பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மறுபடி அடைப்பு நீக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் பம்ப் இல்லாமல் 23.1, பம்பில் 23.6 சதவீதம். வித்தியாசமே இல்லை. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது பம்ப் இல்லாதவர்களில் 50.7 சதவீதத்தினருக்கு, பம்பில் 63.3 சதவீதத்தினருக்கு. ரத்தக்கசிவுக்காக நெஞ்சை மறுபடி திறந்தது 1.4, 2.4 சதவீதம். எதிர்ப்பக்கத்தில், முதல் 30 நாளிலேயே மறுபடி அடைப்பு நீக்க வேண்டிவந்தது பம்ப் இல்லாதவர்களில் 0.7, பம்பில் 0.2 சதவீதம்.

ஏன் இந்த வேறுபாடு? ரூபியில் சேர ஒரு சர்ஜன் 20 பம்ப் இல்லாத பைபாஸ் செய்திருந்தால் போதும். பயிற்சி டாக்டர்களும் நிறையத் தைத்தார்கள். பம்ப் இல்லாமல் தொடங்கியவர்களில் 12.4 சதவீதத்தினரை நடுவில் பம்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. கரோனரியில் சேர 100க்கு மேல் செய்திருக்க வேண்டும். இரண்டு ஆய்வுகளிலும் அளவிடப்பட்டது கருவியை மட்டும் அல்ல, அதைப் பிடித்த கையையும்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். பழகாத கையில் பம்ப் இல்லாத வழி நோயாளிக்குக் கெடுதல். பழகிய கையில் இரண்டும் சமம். பழகிய கையிலும்கூட அது பம்பைத் தோற்கடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயதானவர்களுக்குப் பம்ப் இல்லாத வழியே நல்லது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஜெர்மனியில் 75 வயதுக்கு மேற்பட்ட 2539 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2013ல் வந்த முடிவுப்படி 30 நாளில் சிக்கல்கள் பம்ப் இல்லாமல் 7.8, பம்பில் 8.2 சதவீதம். வயது மட்டுமே காரணமாக வழியை மாற்ற இது இடம் தரவில்லை.

இந்த ஆய்வுகளுக்குப் பிறகு நாடுகள் வெவ்வேறு பக்கம் போயின. அமெரிக்காவில் 2002ல் 23 சதவீதமாக இருந்த பம்ப் இல்லாத பைபாஸ் 2012ல் 17 சதவீதமாகக் குறைந்தது. இந்தியாவில் இன்றும் பாதிக்கும் மேற்பட்ட பைபாஸ்கள் பம்ப் இல்லாமல்தான். ஆகவே அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அங்கே ஒரு டாக்டர் "பம்பில் செய்யச் சொல்லுங்கள்" என்றும், இங்கே சென்னையிலோ மதுரையிலோ சர்ஜன் "பம்ப் வேண்டாம்" என்றும் சொன்னால் இருவரும் அவரவர் ஊரில் பழகியதைத்தான் சொல்கிறார்கள். இருவரில் யாரும் ஏமாற்றவில்லை.

ஞாபகசக்தி பற்றிய பயம்

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் குடும்பங்களில் முடிவை மாற்றுவது பெரும்பாலும் இந்தப் பயம்தான். இதற்கு ஆதாரமாக இருப்பது 2001ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. பைபாஸ் செய்துகொண்ட 261 பேரைப் பரிசோதித்ததில், வீட்டுக்குப் போகும்போது 53 சதவீதத்தினருக்கு நினைவு, கவனம் போன்றவற்றில் சரிவு. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாகக் குறைந்து, ஐந்து வருடத்தில் 42 ஆனது. பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆய்வில் பம்ப் இல்லாமல் செய்துகொண்ட குழு இல்லை.

நெதர்லாந்தில், ஆக்டோபஸ் பிறந்த அதே நாட்டில், 281 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். சரிவு ஏற்பட்டது பம்ப் இல்லாதவர்களில் 50.4 சதவீதம். பம்பில் செய்தவர்களிலும் 50.4 சதவீதம். தங்கள் கருவிக்குச் சாதகமாக வராத முடிவை அப்படியே வெளியிட்ட அந்தக் குழுவின் மீது எனக்கு மிகுந்த மரியாதை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களிலும் இதயத்தைப் போலவே நோய் இருப்பது, சர்க்கரை, ரத்த அழுத்தம், வயது இவைதான் பெரிய காரணம் என்ற பக்கம் இன்றைய புரிதல் சாய்ந்திருக்கிறது. அப்பாவின் ஞாபகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக மட்டும் பம்ப் இல்லாத வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் பெரியவர்கள் குழம்பிப் பேசுவது இரண்டிலும் உண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சிறுநீரகத்தைப் பற்றியும் இதே மாதிரி ஒன்று. கரோனரி ஆய்வின் துணை ஆய்வில், ஆபரேஷன் ஆன உடனே வரும் சிறுநீரகப் பாதிப்பு பம்ப் இல்லாதவர்களில் 17.5 சதவீதம், பம்பில் 20.8. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது சிறுநீரகம் வேலை செய்யும் அளவில் அந்த நன்மை தங்கவில்லை. ஏற்கெனவே கிரியேட்டினின் உயர்ந்து, டயாலிசிஸின் விளிம்பில் நிற்பவருக்கு அந்தச் சிறு நன்மையும் வேண்டும் என்று சர்ஜன் நினைத்தால் அதை மறுக்க மாட்டேன்.

யாருக்கு எது

பம்ப் இல்லாத வழிக்கு மிக வலுவான காரணம் மகாதமனி. சிலருக்கு அது கால்சியம் படிந்து பீங்கான் மாதிரி கெட்டியாகிவிடும். அதில் கிளாம்ப் போடுவது ஆபத்து. இப்படிப்பட்டவருக்குப் பம்ப் இல்லாமல், அதோடு மகாதமனியைத் தொடவே தொடாமல் செய்ய வேண்டும். நெஞ்சின் இரண்டு பக்க உள்தமனிகளையோ கைத்தமனியையோ ஒன்றோடொன்று Y வடிவில் இணைத்து எல்லாக் குழாய்களுக்கும் ரத்தம் கொண்டுபோவார்கள். பக்கவாதம் மிகக் குறைவாக வருவது இந்த முறையில்தான். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பம்ப் இல்லாமல் செய்தாலும், கால் நரம்பின் மறுமுனையை மகாதமனியில் தைக்க, பக்கவாட்டில் ஒரு கிளாம்ப் போட்டால் உதிரும் ஆபத்து திரும்ப வந்துவிடுகிறது. கரோனரி ஆய்வில் பக்கவாதம் இரு பக்கமும் சமமாக இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் "பம்ப் இல்லாமல்தானே?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "மகாதமனியில் கிளாம்ப் போடுவீர்களா?" என்று கேளுங்கள். 70 வயது தாண்டியவர், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர், நீண்ட நாள் புகைபிடித்தவர் என்றால், முன்கூட்டியே சாதாரண சி.டி. ஸ்கேனில் மகாதமனியைப் பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்கலாம்.

நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போனவர்கள், ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டியவர்கள் விஷயத்திலும் தராசு கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும்.

பம்பில்தான் செய்ய வேண்டியவர்கள் யார்? வால்வையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டுமென்றால் பேச்சே இல்லை, இதயத்தைத் திறக்கப் பம்ப் வேண்டும். மாரடைப்பு வந்து ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் பம்ப்தான். இதயம் பெருத்து, எக்கோவில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் மிகக் குறைவாக இருப்பவர்களின் இதயத்தைத் தூக்கித் திருப்பினால் தாங்காது. குழாய் தசைக்குள் புதைந்து ஓடுபவர்களுக்கு அதைத் தேடி எடுக்க அசையாத இதயம் வேண்டும்.

நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு கூட்டம் உண்டு. ஐம்பது வயதுக்குள், பல வருடச் சர்க்கரை, குழாய்கள் மெலிதாகி நீளத்துக்கும் அடைப்புப் பரவியிருக்கும். நான்கு, ஐந்து கிராஃப்ட் வேண்டும், ஒவ்வொன்றும் நேர்த்தியாக அமைய வேண்டும், இன்னும் இருபது முப்பது வருடம் ஓட வேண்டும். இவர்கள் விஷயத்தில் நான் பம்பின் பக்கம் சாய்கிறேன், சர்ஜன் பம்ப் இல்லாத வழியில் உண்மையிலேயே கை தேர்ந்தவராக இல்லாத பட்சத்தில். பம்பின் உடனடிச் சிரமங்களை இளம் உடம்பு தாங்கிவிடும். ஒரு கிராஃப்ட் குறைந்தாலோ சீக்கிரம் அடைந்தாலோ அதன் பாதிப்பு பின்னால் தெரியும்.

இந்த வயதுக்காரர்கள் பம்பைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை, எந்தக் குழாயை எடுத்துத் தைக்கப்போகிறார்கள் என்று கேட்பதில் செலவிடலாம். நெஞ்சின் இடது உள்தமனியை, தியேட்டரில் லீமா என்பார்கள், இதயத்தின் முன்பக்கப் பெரிய குழாயில் தைத்தால் பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். கால் நரம்பில் அதே காலத்தில் ஏறக்குறைய பாதி அடைபட்டுவிடுகிறது. லீமா போடுகிறார்களா, இரண்டாவது தமனியும் சாத்தியமா என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் நீண்ட ஆயுளில் பம்பைவிட அதிக வித்தியாசத்தைக் காட்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு சில வழிகளும் உண்டு. பம்பை இணைத்து ரத்த ஓட்டத்துக்குத் துணை கொடுத்துக்கொண்டே, இதயத்தை நிறுத்தாமல் ஆக்டோபஸ் வைத்துத் தைப்பது ஒன்று. பலவீனமான இதயத்துக்கு இது நல்ல சமரசம். குழாய்களின் நீளத்தையும் நிரப்பும் திரவத்தையும் குறைத்த சிறிய சுற்றுப் பம்ப் இன்னொன்று. ரத்தம் நீர்த்துப்போவதும் அழற்சியும் குறைகின்றன. சர்ஜன் இவற்றில் ஒன்றைச் சொன்னால் இரண்டும் கெட்டான் என்று நினைக்க வேண்டாம்.

செலவை வைத்து முடிவு செய்யலாமா? ஒரு பக்கம் ஆக்சிஜனேட்டர், குழாய்கள். இன்னொரு பக்கம் ஆக்டோபஸ் போன்ற கருவிகள், ஷண்டுகள். கரோனரி ஆய்வில் மொத்தச் செலவைக் கணக்கிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவமனை தரும் மதிப்பீட்டில் பெரிய இடைவெளி இருந்தால், அது எதனால் என்று வரி வரியாகக் கேளுங்கள்.

சர்ஜனிடம் என்ன கேட்பது

போன வருடம் நீங்கள் செய்த பைபாஸ்களில் எத்தனை பம்ப் இல்லாமல், எத்தனை நடுவில் பம்புக்கு மாறியது என்று நேராகக் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். எத்தனை கிராஃப்ட் போடத் திட்டம், அத்தனையும் இந்த வழியில் போட முடியுமா என்பது அடுத்த கேள்வி. பம்ப் இல்லாமல் தொடங்கினாலும் பம்பும் பெர்ஃப்யூஷனிஸ்டும் தியேட்டருக்குள் தயாராக இருப்பார்களா என்பதற்குத் தயக்கமில்லாத 'ஆமாம்' வர வேண்டும். வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

அப்படியும் சர்ஜன் "திறந்து பார்த்துத்தான் முடிவு செய்வேன்" என்றால் அதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகாதமனியை விரலால் தொட்டுப் பார்த்து, அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, குழாய்களின் தரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு எடுக்கும் முடிவு ஆஞ்சியோகிராம் சிடியை வைத்து எடுத்ததைவிடச் சிறந்தது. சம்மதப் படிவத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒப்புதல் கொடுத்து, தியேட்டருக்குள் முடிவு எடுக்கும் சுதந்திரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். பம்ப் இல்லாமல் செய்வதாக வீட்டுக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்ற அழுத்தம் தைக்கும் கைக்கு இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வரும் நாளில் ஒரு வித்தியாசம் பாக்கி இருக்கிறது. பம்ப் இல்லாமல் செய்துகொண்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை அதிகமாக இருக்கும். அதனால் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலையும் சேர்த்து ஒரு வருடம் கொடுக்கச் சொன்னது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2015 பரிந்துரை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் எந்த முறையில் நடந்தது, எத்தனை கிராஃப்ட், எந்தக் குழாய்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பம்ப் இல்லாமல் என்று இருந்து, மருந்துப் பட்டியலில் குளோபிடோக்ரெல் இல்லையென்றால், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தக்கசிவு ஆபத்து இருப்பவருக்குத் தெரிந்தே விட்டிருக்கலாம், எழுத மறந்துமிருக்கலாம். அந்தக் காகிதத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைச் சர்க்கரைக்குப் பார்க்கும் உங்கள் குடும்ப டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். பல் பிடுங்க வேண்டும், கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று யார் அந்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னாலும், முதலில் சர்ஜனுக்கு ஒரு போன்.